மாடு போன வழியில் ஐந்து நாள்

பதினெட்டு வருடமாக நான் சஃபாரி வேன் ஓட்டிப் பிழைக்கிறேன். சிங்கம் காட்டு என்று கேட்டவர்கள் உண்டு. சிறுத்தை காட்டு என்று கேட்டு, காட்டியபின் அது ஏன் தூங்குகிறது என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு பெண்மணி வெள்ளைப் புலி கேட்டார். அது இந்தக் கண்டத்திலேயே கிடையாதும்மா என்றதற்கு, நான் சரியாகத் தேடவில்லை என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டார். ஆனால் மாடு காட்டு என்று வண்டியில் ஏறியவர் கெரேட்டோ ஒருவர்தான்.

கெரேட்டோ மாசாய் பெரியவர். எழுபது வயது இருக்கலாம். கேட்டால் "பெரிய வறட்சிக்கு முந்திப் பொறந்தவன்" என்பார். எந்த வறட்சி என்று சொல்ல மாட்டார். சிவப்புப் போர்வை, தடி, டயர்ச் செருப்பு. கூடவே அவர் மனைவி நூன்கிபா, கழுத்து நிறைய மணிகளோடு. பரிசு விழுந்தது அந்த அம்மாளுக்குத்தான். 'மூன்று கொக்கு' மார்க் தேயிலை பாக்கெட்டுக்குள் இருந்த கூப்பனை யாரோ நிரப்பி அனுப்ப, முதல் பரிசு: இருவருக்கு ஐந்து நாள் சஃபாரி. நைவாஷா, எலமென்டைட்டா, நகூரு என்று மூன்று ஏரிகள், கடைசியில் மாசாய் மாரா.

இவர்கள் வீடு மாராவின் செக்கெனானி வாயிலிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு போனால் மதியத்துக்குள் சேரும் தூரம். ஆனால் சஃபாரி நைரோபியில் தொடங்கும் என்று கூப்பனில் அச்சடித்திருந்தது. ஆகவே இரண்டு பேரும் மட்டாட்டு என்கிற வாடகை வேனில் ஐந்து மணி நேரம் நெருக்கியடித்துக்கொண்டு நைரோபிக்கு வந்தார்கள், தங்கள் கொல்லைப்புறத்தைப் பார்க்கத் திரும்பிப் போவதற்காக.

தேயிலைக் கம்பெனியிலிருந்து மிஸ் அதியாம்போ என்பவர் எனக்குப் போன் செய்தார்.

"கியாலோ, எனக்கு ஒரே ஒரு படம் வேணும். பெரியவர், அம்மா, தேயிலை பாக்கெட், பின்னாடி சிங்கம். எல்லாரும் சிரிக்கணும்."

"சிங்கமுமா?"

"சிங்கத்துக்கு விட்டுடலாம்."

கிளம்பும் காலையில் கெரேட்டோ எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். நூன்கிபா கடைசி வரிசைக்குப் போனார். நடுவில் ஆறு காலி இருக்கைகள். வெயில் பார்த்து உட்கார்கிறார்கள் என்று நினைத்தேன். நான் கெட்டிக்காரன் என்று என்னைத் தவிர யாரும் சொன்னதில்லை.

"கிளம்பலாமா, ம்ஸே?" என்றேன். பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கிளம்பு. மொதல்ல சுஸ்வா சந்தை."

"சுஸ்வா நம்ம பட்டியல்ல இல்லையே. இன்னிக்கு நைவாஷா. படகு, நீர்யானை."

"நீர்யானை எங்கயும் போயிடாது. மாடு போயிடும்."

"எந்த மாடு?"

பின்னாலிருந்து குரல் வந்தது. "பையா, அந்த ஆள்கிட்ட கேளு. எந்த மாடுன்னு அவர் வாயால சொல்லச் சொல்லு."

எனக்கு நாற்பத்தாறு வயது. பையா என்று கூப்பிட்டதில் பாதி மனம் குளிர்ந்துவிட்டது. திரும்பி, "ம்ஸே, அம்மா கேக்கறாங்க, எந்த மாடுன்னு" என்றேன்.

கெரேட்டோ அதுவரை ஒன்றும் காதில் விழாதவர் போல இருந்தார். நான் சொன்னபின் தலையை ஆட்டினார். "ஓ. நாடோவைக் கேக்கறாளா."

விஷயம் இதுதான். நாடோ என்பது ஒரு செவலைப் பசு. வயிற்றைச் சுற்றி வெள்ளைப் பட்டை, இடது கொம்பு கண்ணை நோக்கி வளைந்திருக்கும். அது நூன்கிபாவின் வீட்டு மாடு. மாசாய்களில் மனைவிக்கென்று ஒதுக்கிய மாட்டை அவளைக் கேட்காமல் புருஷன் தொடக்கூடாது. கெரேட்டோ ஏழு மாதத்துக்கு முன், ஒரு நல்ல காளையைப் பார்த்துச் சொக்கிப்போய், சுஸ்வா சந்தை வியாபாரி ஒருவரிடம் நாடோவைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"பால் வத்திப்போச்சு பையா. கிழடு. எல்லாரையும் ஒதைக்கும். காளை எப்படி இருந்துச்சு தெரியுமா, மலை மாதிரி."

"அவங்களக் கேட்டீங்களா?"

"யாரை?"

"அம்மாவை."

"அவ தண்ணிக்குப் போயிருந்தா" என்றார், அதற்குமேல் ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும் என்கிற குரலில்.

அன்றிலிருந்து நூன்கிபா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்துப் போட்டார், கூரையில் சாணி பூசினார், பேசவில்லை. என் மனைவி என்னோடு பேசாமலிருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆகும். கெரேட்டோவுக்கு முதல் நாள் மாலையே தெரிந்துவிட்டதாம். அந்த வகையில் அவர் என்னைவிட நல்ல புருஷன்.

"பையா, இன்னொண்ணும் சொல்லிடு" என்றது பின் வரிசை. "அஞ்சாம் நாள் செக்கெனானியில அந்த ஆள் எறங்கட்டும். நாடோ கெடைக்கலைன்னா நான் எறங்க மாட்டேன். அப்படியே நாரோக் வரைக்கும் போய் எங்கண்ணன் வீட்ல எறங்கிடுவேன். அங்கயே இருந்துடுவேன்."

நான் திரும்பினேன். "ம்ஸே, அம்மா கொஞ்சம் வருத்தத்துல இருக்காங்க."

"பாதிதான் சொன்ன" என்றது பின் வரிசை. "மீதி எங்க?"

மீதியையும் சொன்னேன். கெரேட்டோ தடியை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். "சுஸ்வா" என்றார் மறுபடி.

சுஸ்வா சந்தையில் அந்த மாட்டு வியாபாரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கெரேட்டோ இடது கையை நெற்றியருகே வளைத்து வளைந்த கொம்பைக் காட்டியதுமே அந்த ஆள் கால்சட்டையைத் தூக்கி முழங்காலிலிருந்த தழும்பைக் காட்டினார்.

"அந்தப் பிசாசா? நைவாஷா ரோஜாப் பண்ணை மேஸ்திரிக்கு வித்தேன். அவன் இன்னும் என்னைத் தேடிட்டு இருக்கான். நீங்க என்னைப் பாக்கலைன்னு சொல்லிடுங்க."

நைவாஷாவில் முதலில் படகு. பட்டியலில் இருப்பதைச் செய்யாவிட்டால் மிஸ் அதியாம்போ என் தோலை உரிப்பார். நீர்யானைகள் முதுகு தெரிய மிதந்துகொண்டிருந்தன. கெரேட்டோவின் கழுத்தில் என் பைனாகுலரை மாட்டிவிட்டேன். அவர் நீர்யானைகளை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாக் கொழுத்திருக்கு. எவ்வளவு கறக்கும்?"

"கறக்க முடியாது ம்ஸே."

"முயற்சி பண்ணாம சொல்லக் கூடாது."

படகில் எடுத்த முதல் படத்தில் அவர் நீர்யானையின் மடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நூன்கிபா எதிர்ப்பக்கம் திரும்பிக் கரையைப் பார்க்கிறார். நடுவில் தேயிலை பாக்கெட்டைப் பிடித்திருப்பது என் கை.

பைனாகுலர் அதன்பின் அவர் கழுத்திலிருந்து இறங்கவே இல்லை. தூங்கும்போதும் போட்டுக்கொண்டார். ஒருமுறை நூன்கிபா, "பையா, அது ஒருத்தருக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். நான் கேள்வியைக் கடத்தினேன். "பாத்துட்டுத் தர்றேன்" என்று பதில் வந்தது. ஐந்து நாளும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரோஜாப் பண்ணை மேஸ்திரி எங்களைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்கு முன் நிறுத்தி ஒரு கிழிசலைக் காட்டினார். பசு உயரத்துக்கு, ஏறக்குறைய பசு வடிவத்திலேயே இருந்தது. "உள்ள பூந்து, மறுநாள் விமானத்துக்குக் கட்டி வெச்ச சிவப்பு ரோஜா மூணு வண்டி தின்னுடுச்சு. வெள்ளை ரோஜாவைத் தொடலை. சிவப்பு மட்டும்தான்."

"நல்ல மாடு" என்றார் நூன்கிபா என்னிடம்.

மாடு அங்கிருந்து எலமென்டைட்டா ஏரிக்கரையில் பால் விற்கும் வம்புரா என்கிற அம்மாளிடம் போயிருந்தது. இரண்டாம் நாள் நாங்களும் எலமென்டைட்டா போனோம். ஏரி முழுக்கப் பூநாரைகள், இளஞ்சிவப்பாக, ஒற்றைக் காலில். கெரேட்டோ "இவ்வளவு பேருக்கும் ஒரு கால்ல என்ன நோவு?" என்றார். வம்புரா ஒரு பால் குவளையைக் கொண்டுவந்து காட்டினார். தட்டாக நசுங்கியிருந்தது. "சோறு போட்டுக்கறேன் இதுல" என்றார். மாட்டை நகூருவுக்கு விற்றுவிட்டாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நைவாஷா, எலமென்டைட்டா, நகூரு. மாடு எங்களுக்கு முன்னால் இதே சுற்றுலாவைப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு யார் கூப்பன் நிரப்பினார்களோ தெரியாது.

"நகூருவில யாருக்கு?" என்று கேட்டேன்.

வம்புரா நூன்கிபாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கசாப்புக்காரருக்கு."

அன்று மாலை விடுதிச் சாப்பாட்டில் நூன்கிபா எதையும் தொடவில்லை. அதற்கு முந்தின நாள் பச்சைக் காய்கறித் தட்டைப் பார்த்து, "பையா, இது மாட்டுக்கு வெச்சதை மாத்திக் கொண்டாந்துட்டாங்க" என்று சொன்னவர், அன்று அப்படிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. என் மூலமாகக்கூடப் பேசவில்லை. கெரேட்டோ தன் தட்டிலிருந்த நல்ல இறைச்சித் துண்டை எடுத்து என்னிடம் நீட்டி, பின் வரிசை மேஜையைக் கண்ணால் காட்டினார். கொண்டுபோனேன். திருப்பி அனுப்பினார். அது மூன்று முறை போய் வந்தது. கடைசியில் நான் தின்றேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாக வறுத்திருந்தார்கள்.

பெரியவர் அப்போதுதான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார்.

"கல்யாணத்தன்னிக்கு எங்க பட்டி வாசல் வரைக்கும் வந்துட்டு நின்னுட்டா. பொண்ணு நிக்கறது வழக்கம்தான், ஏதாச்சும் கொடுத்தா உள்ள வருவா. ஒருத்தி ஒரு ஆட்டுக்கு வருவா, ஒருத்தி ரெண்டுக்கு. இவ மத்தியானம் நின்னவ, மாடுங்க மேய்ஞ்சு திரும்பற வரைக்கும் நின்னா. எங்கம்மா ஆடு சொன்னாங்க, எங்கப்பா கன்னு சொன்னாரு. அசையலை. என்கிட்ட அப்ப ஏழு மாடு. நல்லதா ஒரு செவலை இருந்துச்சு. அதைக் கொண்டாந்து நிறுத்தினேன். வந்தா."

"அதுதான் நாடோவா?"

"நாடோவோட பாட்டிக்கு அம்மா" என்றார் கெரேட்டோ. சற்றுக் கழித்து, "அது எனக்கு மறந்துபோச்சு பையா. காளையப் பாத்தப்ப மறந்துபோச்சு" என்றார்.

மூன்றாம் நாள் நகூரு. காலையில் காண்டாமிருகம் பார்க்க வேண்டும் என்று பட்டியல் சொன்னது. ஏரிக்கரையில் இரண்டு நின்றன. கெரேட்டோ பைனாகுலரைத் திருப்பக்கூட இல்லை. நேராகக் கசாப்புக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் கதவு மாதிரி அகலமான ஆள். கெரேட்டோ கையை நெற்றியருகே வளைத்துக் காட்டினார். கேள்வியை நான்தான் கேட்டேன். நூன்கிபா வேனிலிருந்து இறங்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாடா" என்றார் கடைக்காரர். ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "இருபத்திரண்டு வருஷமா வெட்டறேன். எத்தனையோ பாத்திருக்கேன். அது ஒரே ஒதை. நான் பறந்து போய், இதோ இந்தக் கொக்கியில என் மேலங்கியோட மாட்டிக்கிட்டேன். அரை மணி நேரம். கால் தரையில படலை. வாடிக்கைக்காரங்க வரிசையில நின்னு பாத்தாங்க. ஒரு அம்மா வெலை கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். ஒரு தடவை தொங்கிப் பாத்தவன் அந்த மாட்டை வெட்டுவானா? மாராவுலேருந்து ஒருத்தர் வந்திருந்தார், தலெக் பக்கம். சும்மா ஓட்டிட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

கெரேட்டோ வேன் வரைக்கும் ஓடினார். எழுபது வயதில், டயர்ச் செருப்பில், என் பைனாகுலர் மார்பில் அடிக்க அடிக்க. ஜன்னலருகே நின்று, நேராக மனைவியைப் பார்த்து, "இருக்கு" என்றார்.

நூன்கிபா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பையா, எனக்குக் காது கேக்கும்னு அந்த ஆள்கிட்ட சொல்லு." ஆனால் போர்வை முனையால் கண்ணைத் துடைத்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதைக் கடத்தவில்லை. சொல்லச் சொன்னதைத்தானே கடத்த வேண்டும்.

நான்காம் நாள் பகல் முழுக்க மலையிறங்கி மாரா வந்து சேர்ந்தோம். தலெக்காரரைத் தேடிப்போனால் அவர் பட்டி வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலை நீட்டி வைத்திருந்தார், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. புல் இல்லாததால் மாடுகளைச் சரணாலயத்தின் ஓரத்தில் மேயவிட்டிருக்கிறார். அது குற்றம். காவலர் வண்டிச் சத்தம் கேட்டு எல்லா மாடுகளும் வெளியே ஓடிவந்தன. நாடோ மட்டும் உள்ளே ஓடிவிட்டது. அதாவது சிங்கங்கள் இருக்கும் பக்கம்.

"எப்ப?"

"முந்தாநாள்."

மூன்று பேரும் வேனுக்குத் திரும்பினோம். நூன்கிபா ஏறும்போது, "பையா, நாளைக்கு எத்தனை மணிக்கு வாசல் தெறப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்த ஓட்டுநர் எதைக் கண்டாலும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட வேண்டும். கேட்டவர்கள் ஓடி வருவார்கள். இரண்டு வேன் நின்றால் மூன்றாவது நிற்கும். பத்தாவது வேன் எதற்கு நிற்கிறோம் என்று கேட்பதில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா. நானே ஒருமுறை இருபது நிமிடம் ஒரு கரையான் புற்றை என் பயணிகளுக்குக் காட்டியிருக்கிறேன், முன்னால் எட்டு வண்டி நின்றதால். முதல் வண்டிக்கு டயர் பஞ்சர்.

ஐந்தாம் நாள் வாசல் திறந்ததும் உள்ளே போய் வயர்லெஸ்ஸை எடுத்தேன். தொண்டையைச் செருமினேன்.

"எல்லாருக்கும் வணக்கம், கியாலோ பேசறேன். செவலைப் பசு ஒண்ணு. வயித்துல வெள்ளைப் பட்டை. எடது கொம்பு வளைஞ்சிருக்கும். கண்டவங்க சொல்லுங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு நியாபுத்தோவின் குரல். என்னோடு சேர்ந்து தொழிலுக்கு வந்தவன், என் அவமானங்களுக்குக் கணக்கு வைத்திருப்பவன்.

"கியாலோ, பதினெட்டு வருஷம் கழிச்சு ஒருவழியா உன் தகுதிக்கு ஏத்த மிருகத்தைத் தேட ஆரம்பிச்சுட்ட."

"அடுத்து கோழியாடா?" என்றது இன்னொரு குரல்.

"சிரிங்கடா. ஒரு அம்மாவோட மாடு. கெடைக்கலைன்னா புருஷனை விட்டுட்டு நாரோக் போயிடுவாங்க."

மறுபடி இரைச்சல். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர்கள் எல்லாருக்கும் வீட்டில் ஒரு நாரோக் இருக்கிறது.

ஒன்பது மணிக்கு நியாபுத்தோ கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது. "ஒத்தை அத்திமரம், ஓடைக்கு மேற்கே. மெதுவா வா. சுத்தி இருக்காங்க."

நாங்கள் போய்ச் சேரும்போது ஏழு வண்டிகள் நின்றன. பத்து நிமிடத்தில் நாற்பது. நடுவில், புல்வெளியில், நாடோ நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அத்திமர நிழலில் ஐந்து சிங்கங்கள் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு பெண் சிங்கம் எழுந்து இடம் மாறியபோது பின்னங்காலை நொண்டியது. நான் யார்மேலும் பழி சொல்லவில்லை. நொண்டியது, அவ்வளவுதான்.

நாற்பது வேன்களின் கூரைகளும் தூக்கியிருந்தன. நீளநீளக் காமிராக்கள் எல்லாம் மாட்டின் பக்கம். பக்கத்து வண்டியில் ஒரு வெளிநாட்டுக்காரர் தன் ஓட்டுநரிடம் இது அபூர்வமா என்று கேட்டார்.

"இந்தச் சரணாலயத்துல இது ஒண்ணுதான் சார் இருக்கு" என்றான் அவன். அதில் பொய் இல்லை.

காவலர் வண்டி வந்தது. காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மாடு உள்ள இருக்கக் கூடாது."

"சரி, வெளிய ஓட்டிட்டுப் போறோம்" என்றேன்.

"யாரும் வண்டியை விட்டு எறங்கக் கூடாது."

"அப்ப எப்படிப் போகும்?"

"உள்ள வரக்கூடாதுன்னுதான் சட்டத்துல இருக்கு. எப்படி வெளிய போறதுன்னு இல்லை." அவருக்கே அது வருத்தமாக இருந்தது.

கெரேட்டோ கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று விசிலடித்தார். நாடோ அவரைப் பார்த்தது. ஏழு மாதம் பேசாமலிருந்தவள் பார்ப்பது போலவே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சிங்கம் ஒன்று கொட்டாவி விட்டது.

நூன்கிபா கடைசி வரிசையில் எழுந்து நின்று பாடத் தொடங்கினார். பால் கறக்கும்போது பாடுகிற பாட்டு போலிருக்கிறது. உரக்கப் பாடவில்லை. அடுப்படியில் தனக்குத்தானே பாடுவது போல மெதுவாக, மாட்டின் பேரையும் அதன் அம்மா பேரையும் அதன் அம்மாவின் அம்மா பேரையும் கோத்துக் கோத்துப் பாடினார். நாற்பது வண்டிகளும் எஞ்சினை அணைத்தன. யாரும் சொல்லவில்லை, அணைத்தார்கள்.

நாடோ அசைபோடுவதை நிறுத்தியது. பிறகு நேராக நடந்து வந்தது. சிங்கங்களைக் கடந்து, வழியிலிருந்த நியாபுத்தோவின் புது வேனின் கதவில் ஒரு உதை விட்டு, எங்கள் வண்டியின் பின்பக்கம் வந்து மூக்கை வைத்தது.

"போ பையா" என்றார் நூன்கிபா. "மெதுவா."

செக்கெனானி வாயில் பதினான்கு கிலோமீட்டர். மாட்டின் நடைக்கு வண்டி ஓட்டினேன். நூன்கிபா பின் ஜன்னலில் பாடிக்கொண்டே வந்தார், மாடு பின்னால் வந்தது. மாட்டுக்குப் பின்னால் முப்பத்தொன்பது வேன்கள், கடைசியில் காவலர். எதிரே வந்த வண்டிகளும் திரும்பி ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டன. முன்னால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் அந்தச் சிங்கங்களும் கூட வந்தன. அவையும் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு மிஸ் அதியாம்போவின் ஞாபகம் வந்தது. வண்டியை ஊர விட்டுவிட்டுத் திரும்பி ஒரு படம் எடுத்தேன். அதில் சிங்கம் தெளிவாக இருக்கிறது. பாக்கெட் இருக்கிறது, இருக்கையின் மேல். பெரியவரும் அம்மாளும் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஜன்னலில் மாட்டைப் பார்க்கிறார்கள். ஐந்து நாளில் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிற படம் அது ஒன்றுதான். தேயிலைக் கம்பெனி காலண்டரில் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பது மாடு மட்டும்தானே என்று மிஸ் அதியாம்போ கேட்டார்.

வாயிலில் தலெக்காரர் நொண்டிக் காலோடு காத்திருந்தார்.

"அந்தக் காளைய நாளைக்கே உன் பட்டியில கட்டறேன்" என்றார் கெரேட்டோ.

"காளை வராட்டியும் பரவால்லைண்ணே. இது திரும்பி வராம இருந்தாப் போதும்."

நூன்கிபா இறங்கினார். மாட்டின் கழுத்தில் கயிறு போட்டார். நாடோ கன்றுக்குட்டி மாதிரி நின்றது. சரி, முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன்.

நூன்கிபா நகரவில்லை.

வாயிலுக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் நாரோக் போகும் தார்ச்சாலை. வலது பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போகும் மண்பாதை. அந்தப் பிரிவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் நின்றார்.

கெரேட்டோவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் ஐம்பது வருடம் குறைந்ததை நான் பார்த்தேன், ஆனால் அழகு கூடவில்லை, பயம்தான் கூடியது.

"ஒரு கன்னு தர்றேன்" என்றார்.

நூன்கிபா வானத்தைப் பார்த்தார்.

"ரெண்டு. ரெண்டும் கிடேரி."

நாடோ வாலை ஆட்டி ஈ ஓட்டியது.

"வீட்டுக்குத் தகரம் போடறேன். மழைக்கு ஒழுகாது."

தார்ச்சாலையில் ஒரு மட்டாட்டு வந்து, "நாரோக், நாரோக்" என்று கூவி, ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனது. வெயில் சாயத் தொடங்கியது. பின்னால் அத்தனை வேன்களும் வாயிலில் நின்றுகொண்டிருந்தன, யாருக்கும் போக மனமில்லை. கெரேட்டோ தன் உடம்பைத் தடவிப் பார்த்தார். போர்வை, தடி, செருப்பு. கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. பிறகு கை மார்பில் பட்டது. கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றினார். இரண்டு அடி முன்னால் போய் நூன்கிபாவின் கழுத்தில், மணிகளுக்கு மேலே, மாட்டிவிட்டார்.

நூன்கிபா அதைத் தூக்கிக் கண்ணில் வைத்தார், தலைகீழாக. பெரிய முனை கண்ணில், சின்ன முனை புருஷன் பக்கம். அந்த வழியே பார்த்தால் ஆள் வெகு தூரத்தில், விரல் உயரத்துக்குத் தெரிவார். நிதானமாகப் பார்த்தார். பிறகு இறக்கினார்.

"அந்தப் பையனைக் கேட்டியா?" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னார். ஏழு மாதத்தில் முதல் வார்த்தை.

கெரேட்டோ திரும்பி என்னைப் பார்த்தார். தடியைக் கை மாற்றினார். எழுபது வருடமாகப் பழக்கமில்லாத வார்த்தை.

"பையா... இதை இவளுக்குக் கொடுக்கலாமா?"

"தாராளமா, ம்ஸே" என்றேன்.

நூன்கிபா கயிற்றை அசைத்தார். வலது பக்கம் திரும்பினார். அவருக்குப் பின்னால் நாடோ, நாடோவுக்குப் பின்னால் கெரேட்டோ, உதை எட்டாத தூரத்தில். கொஞ்ச தூரம் போனபின் நூன்கிபா திரும்பாமலே ஏதோ சொன்னார், அவர் ஏதோ பதில் சொன்னார். எனக்கு மாசாய் பாஷை அரைகுறை. சண்டை போலத்தான் கேட்டது. நடுவில் யாரும் தேவைப்படவில்லை.

பைனாகுலர் எங்கே என்று எங்கள் கம்பெனியில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது என்னுடையது இல்லை, கம்பெனியுடையது. நானும் யாரையும் கேட்கவில்லை.